வேல் தைத்த நாய் ஏன் வாலைக் குழைக்கிறது?

கோம்பையான்:
யானை போன்றவரின் நட்பை விட்டு நாய் போன்றவரின் நட்பைக் கொள்ளச் சொல்கிறது நாலடியார். நன்கு அறிந்த பாகனையே யானை கொன்றுவிடும், எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும் என்பது அது கூறும் காரணம். எங்கள் ஊரான கோம்பையின் பெயரிலேயே ஒரு நாய் இனம் இருப்பதால் எனக்கு இதில் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு. என் மனைவி விடியற்காலையில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். மாலையில் தெருவில் எத்தனை ஜீப் வந்தாலும் அவள் வரும் ஜீப்பின் சத்தத்துக்கு மட்டும்தான் எங்கள் நாய் செவலை எழுந்து வாசலுக்குப் போகும். காலையில் நான் உதைத்திருந்தாலும் மாலையில் என்னிடமும் வரும். அந்த மறதி நமக்கு வாய்த்தால் வீட்டுச் சண்டைகளில் பாதி இராது.

மூணாறு லயத்தான்:
ஐயா, வேல் எறிந்தவனை விட்டுவிட்டு வாலை மட்டும் புகழ்கிறீர்கள். தேயிலைத் தோட்டத்தில் கங்காணி எவ்வளவு ஏசினாலும் மறுநாள் காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, முதல் ஆளாகப் போய் நின்ற என் தாத்தாவையும் விசுவாசி என்றுதான் சொன்னார்கள். வேலையிலிருந்து நின்றதும் லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்தபோது அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. 2015 செப்டம்பரில் 20 விழுக்காடு போனஸ் கேட்டு மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்த தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் அதைப் பெற்றார்கள். அவர்கள் நாயிடம் பாடம் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கம்பத்துக்காரி:
கால்நடை மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் என்பதால் ஒன்று சொல்கிறேன், அண்ணே. வாலாட்டுவதெல்லாம் மகிழ்ச்சி ஆகாது. காதை மடக்கி, உடம்பைக் குறுக்கி, வாலைத் தாழ்த்தி ஆட்டினால் அது அச்சம். அடிக்காதே என்ற கெஞ்சல். வாலை விறைப்பாக உயர்த்தி ஆட்டும் நாய் சில நேரம் அடுத்த நொடியில் கடிக்கவும் செய்யும். வேல் தைத்த நாய் எப்படி ஆட்டியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

கோம்பையான்:
அச்சம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடிக்கு என்ன சொல்வீர்கள்? 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிவில் 70 பேரைப் பறிகொடுத்த அந்த இடத்தில், குவி என்ற நாய் ஆற்றோரம் ஒரே இடத்தைப் பார்த்து நின்றதால்தான் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் எட்டாம் நாள் கிடைத்தது. அதை யார் ஏவினார்கள், யாருக்கு அஞ்சியது?

மூணாறு லயத்தான்:
பெட்டிமுடியை வாதத்துக்கு எடுக்காமல் இருந்திருக்கலாம். மாண்டவர்கள் எங்கள் சனம். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். குவி தேடியது தன்னோடு விளையாடிய பிள்ளையை. அதன் மேல் எசமான் விசுவாசம் என்ற சொல்லை ஏற்றாதீர்கள். கூட வளர்ந்த உறவு என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

கோம்பையான்:
மன்னிக்க வேண்டும், தம்பி. நேற்று மாலை செவலையைக் கவனித்துப் பார்த்தேன். ஜீப்பிலிருந்து இறங்கியவளிடம் உடம்பே ஆடும்படி வாலை வீசிக்கொண்டு ஓடியது. என்னிடமும் வந்தது, ஆனால் இரண்டடி தள்ளியே நின்று, காதை மடக்கி, வாலைத் தாழ்த்தி. முதல் பதிவில் எழுதிய ‘மறதி’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யானையை விட நாய் நட்பு மேல் என்பதில் மட்டும் எனக்கு மாற்றமில்லை.