மேல்நிலைப் பள்ளி நீச்சல் மாணவர்களின் கைவீச்சைச் சீராக்குவது எப்படி?

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர், காட்பாடி):
வணக்கம். என்னிடம் பயிலும் மாணவர்கள் பெரும்பாலும் ஊர்க் கிணறுகளில் நீந்திப் பழகியவர்கள். நல்ல தம் இருந்தும், ஃப்ரீஸ்டைலில் (கவிழ்ந்து கைகளை மாறி மாறி வீசி நீந்தும் முறை) 25 மீட்டரைக் கடக்க 28 கைவீச்சுக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள். இதை எவ்வாறு குறைப்பது?

பதில் (குடியாத்தம்):
ஐயா, கிணற்றில் பழகியவர்கள் பெரும்பாலும் தலையைத் தூக்கியே நீந்துவார்கள். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழ்ந்து நீரின் தடை பெருகும். எனவே கையைத் திருத்துவதற்கு முன், பார்வை குளத்தின் தரையை நோக்கியிருக்கவும், மூச்செடுக்கும்போதும் ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கவும் பழக்குங்கள்.

பதில் (ராணிப்பேட்டை):
முற்றிலும் உடன்படுகிறேன். அதன்பின், முழங்கை நீர்மட்டத்தை ஒட்டி உயர்ந்து நிற்க, விரல்நுனிகள் கீழ்நோக்கியிருக்க, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து நீரைப் பின்னோக்கித் தள்ளுகின்றனவா என்று கவனியுங்கள். குளத்தின் ஒரு நீளம் கைகளை இறுக மூடியும் அடுத்த நீளம் திறந்தும் நீந்தச் சொன்னால், முன்கையின் பங்கைப் பிள்ளைகளே உணர்வார்கள். என் அனுபவத்தில் இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

பதில் (ஆற்காடு):
ஓர் எச்சரிக்கை. எண்ணிக்கையை மட்டும் குறைக்கச் சொன்னால், ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் சும்மா மிதந்து வேகத்தை இழப்பார்கள். ஆகவே வீச்சுகளையும் வினாடிகளையும் கூட்டிக் குறித்துவையுங்கள்: 22 வீச்சு, 20 வினாடி என்றால் 42. அந்தக் கூட்டுத்தொகை குறைய வேண்டும். உயரத்திற்கேற்ப இது மாறுமாதலால், ஒரு மாணவனை இன்னொருவனோடு ஒப்பிடாமல் அவனுடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.