கலைச்சொல்: ‘பாதுகாப்பான மிதிவண்டிப் பாதை’யா, ‘அரண்தடம்’ ஆகுமா?

> தடுப்பு வைத்துப் பிரித்த மிதிவண்டித் தடத்துக்குப் ‘பாதுகாப்பான மிதிவண்டிப் பாதை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான். ஆனால் அந்தப் பெயர் அமைப்பைச் சொல்லாமல் விளைவுக்கு முன்கூட்டியே உறுதி கொடுத்துவிடுகிறது. வெறும் வெள்ளைக்கோடு போட்ட தடத்தையும் அப்படி அழைக்கலாம்; அங்கேதான் எனக்குக் கவலை. டொராண்டோ, வான்கூவர் நகரங்களில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 690 மிதிவண்டியோட்டிகளை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. ஓரத்தில் கார்கள் நிற்கும், மிதிவண்டிக்கென்று எதுவுமில்லாத பெருஞ்சாலையோடு ஒப்பிட்டால், பிரித்த தடத்தில் காயமடையும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. நிற்கும் கார்களை ஒட்டிக் கோடு மட்டும் போட்ட தடத்தில் அந்த அளவு பயன் தெரியவில்லை. கார்க்கதவு திறப்பதே அந்தக் கோட்டுக்குள்தானே!

ஆகவே கோடு மட்டும் இருந்தால் ‘கோட்டுத்தடம்’, நடுவே திண்டோ கம்பமோ செடித்தொட்டியோ இருந்தால் ‘அரண்தடம்’. ‘தடுப்புத்தடம்’ வேண்டாம், அடைத்துவைத்த தடம் என்று படிப்பார்கள்.

> ‘அரண்’ என்றால் கோட்டை மதில்தான் நினைவுக்கு வருகிறது. அதோடு, சந்திப்பில் அரண் அறுந்துவிடுமே?

அம்மா, அறிவையே அரண் என்று சொன்ன மொழி நம்முடையது. மதிலோடு அது நின்றுவிடாது. உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. தடம் முழுக்க அரண் இருந்தும், திரும்பும் வண்டி குறுக்கே வெட்டும் இடத்தில் மோதல் நடக்கிறது. நிற்கும் கார் வரிசையே அரணாக இருந்தால், மிதிவண்டி கடைசி நொடிவரை ஓட்டுநர் கண்ணில் படுவதில்லை. சாலையின் ஒரே பக்கத்தில் இருதிசைத் தடம் போட்டால் இன்னும் சிக்கல்: ஓட்டுநர் எதிர்பாராத திசையிலிருந்து மிதிவண்டி வருகிறது.

நெதர்லாந்தில் பரவலாக உள்ள தீர்வு, சந்திப்பின் முனையில் உயர்த்திக் கட்டும் சிறு திட்டு. வண்டி அதைச் சுற்றி மெதுவாகத்தான் திரும்ப முடியும். மிதிவண்டி கடக்கும் இடமும் ஒரு கார் நீளம், சுமார் 5 மீட்டர், குறுக்குச் சாலைக்குள் தள்ளிப்போவதால், ஓட்டுநர் பாதி திரும்பியதுமே மிதிவண்டி அவருக்கு நேர் எதிரில் தெரிகிறது. அந்தத் திட்டுக்கு ‘முனைத்திட்டு’, அப்படி அமைந்த சந்திப்புக்கு ‘அரண்சந்திப்பு’ என்று முன்வைக்கிறேன்.

கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வரையறை: அரண்தடம் – மோட்டார் வண்டி புகாதபடி, வெறும் கோடாக இல்லாத தடுப்பால் பிரிக்கப்பட்ட மிதிவண்டித் தடம். ‘கோடாக இல்லாத’ என்ற சொற்களை மட்டும் யாரும் நீக்கிவிட வேண்டாம்.