செஸ் இன்ஜின்கள் மோதும் போட்டியில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டா?

மூலையானை:
செஸ்ஸில் தாயக்கட்டை கிடையாது. இயந்திரத்துக்குப் பதற்றம், தூக்கக் கலக்கமும் கிடையாது. ஆனாலும் 1995-ல் ஹாங்காங் உலகக் கணினி செஸ் போட்டியில், 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் கணினியில் ஓடிய ஃபிரிட்ஸ் என்ற இன்ஜின் (செஸ் ஆடும் மென்பொருள்), ஐபிஎம்மின் டீப் புளூ என்ற சூப்பர் கணினியின் முன்மாதிரியைத் தோற்கடித்தது. இரண்டே வருடத்தில் டீப் புளூ உலக சாம்பியன் கஸ்பரோவையே சாய்த்தது. ஹாங்காங்கில் நடந்தது அதிர்ஷ்டம் என்றால் என் நண்பர் சண்டைக்கு வருகிறார். நீங்கள் சொல்லுங்கள்.

ஓரச்சிப்பாய்:
24 இன்ஜின், மொத்தமே 5 சுற்று. ஃபிரிட்ஸும் ஸ்டார் சாக்ரட்டீஸ் என்ற இன்னொரு இன்ஜினும் சம புள்ளியில் நிற்க, ஒரே ஆட்டத்தில் பட்டம் முடிவானது. வேறென்ன சொல்ல?

கறுப்புராணி:
ஃபிரிட்ஸ் நன்றாக ஆடியது, ஜெயித்தது. தோற்றவர்கள்தான் அதிர்ஷ்டம் பேசுவார்கள்.

இரவுக்குதிரை:
நன்றாகத்தான் ஆடியது, யார் இல்லை என்றது? மறுநாள் அதே ஆட்டத்தை வைத்தால் அதே முடிவு வருமா என்பதுதான் கேள்வி.

நான் ராத்திரியில் வீட்டுக் கணினியில் இன்ஜின்களை மோதவிட்டுத் தூங்கப் போகிற ஆள். ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினுக்கு 8 த்ரெட் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் கணக்கீடுகள்) கொடுத்து, சிக்கலான ஒரு நிலையை யோசிக்க விடுங்கள். ஒரு தடவை யானையை நகர்த்தச் சொல்லும். நிறுத்திவிட்டு அதே நேரம் கொடுத்து மறுபடி கேட்டால் சிப்பாயைத் தள்ளச் சொல்லும். எல்லா த்ரெடும், பார்த்த நிலைகளைக் குறித்துவைக்கும் பொது நினைவகமான ஒரே ஹாஷ் டேபிளில் எழுதுகின்றன; எது முந்துகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஒரே த்ரெடில், எத்தனை நகர்த்தல் முன்னால் பார்க்க வேண்டும் என்ற ஆழத்தையும் நிர்ணயித்து, புதிதாக ஆரம்பித்து ஓட்டினால் அச்சடித்த மாதிரி அதே நகர்த்தல்தான்.

அப்புறம் கணக்கு. 100 ஆட்டம், 80 டிரா, மீதி 20-ல் 12-8 என்று வைத்துக்கொள்வோம். சாம்பியன் என்று கொண்டாடுவோம். ஆனால் 20 தடவை நாணயம் சுண்டினாலே, ஏதோ ஒரு பக்கம் 12 அல்லது அதற்கு மேல் விழுவது பாதிக்குப் பாதி நடக்கும். ஸ்டாக்ஃபிஷ் குழு சின்னத் திருத்தத்தைக்கூட ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடவிட்டுப் பார்ப்பது சும்மாவா?

மூலையானை:
நண்பருக்கு அந்த 12-8 போதும். ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களில், மாட்டிக்கொள்வதும் அதிர்ஷ்டம்தானே?

இரவுக்குதிரை:
டிசிஇசி என்ற இன்ஜின் போட்டித் தொடரின் இறுதிப் போட்டியில் அதைச் சரிக்கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு ஓப்பனிங்கையும் நிறம் மாற்றி இரண்டு தடவை ஆட வேண்டும். சமமான ஓப்பனிங் கொடுத்தால் வரிசையாக டிராதான் என்பதால், வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்ததாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் வெள்ளையில் ஜெயித்தால் 1-1, யாருக்கும் லாபமில்லை. கறுப்பில் டிரா பிடித்து, அதே ஓப்பனிங்கை வெள்ளையில் ஜெயிக்கிற இன்ஜினைத்தான் நான் மதிப்பேன்.