வறுத்த ஊலாங்: கைவானா, மண் பானையா?

சாரல்:
தைவானுக்கு வேலைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஊலாங், பச்சை டீக்கும் கறுப்பு டீக்கும் இடைப்பட்ட டீ. அதிலும் நான்டோ மாவட்டம் லூகுவில் விளையும் டோங் டிங் என்றால் தனிப் பிரியம். உருண்டையாகச் சுருட்டி, நன்றாக வறுத்த இலை. சமீபத்தில் லூகுவிலேயே ஒரு சின்னக் கடையில், வறுத்து இறக்கிச் சில நாள்களே ஆன டீயைக் குடிக்கக் கொடுத்தார்கள். கைப்பிடி இல்லாத, மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில், அதாவது கைவானில், போட்டார் கடைக்கார அம்மா. மூடியை மோந்தால் காய்ச்சிய சர்க்கரை வாசம், ஆளைத் தூக்கியது. வாயில் வைத்தால் ஒரே கருகல், தொண்டையில் வறட்சி வேறு.

என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே டப்பாவிலிருந்து அதே அளவு இலையை ஒரு பழுப்பு மண் டீ பானையில் போட்டுக் கொதிநீர் ஊற்றினார். இந்த முறை வாசம் பாதிதான். ஆனால் கருகலின் கூர் மழுங்கி இனிப்பு முன்னால் வந்தது. மெருகு பூசாத தடித்த மண் சூட்டை விடாமல் பிடிக்கிறது, வாசத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. "மூடி வைத்துச் சில மாதம் கழித்துக் கைவானில் போடுங்க, அப்போ தெரியும்" என்றார்.

இப்போது என் கணக்கு இதுதான்: புதிதாக வறுத்தது மண் பானைக்கு, சில மாதம் வைத்து வறுத்த சூடு அடங்கியது கைவானுக்கு. 100 மி.லி.க்கு 6 கிராம். தண்ணீர் தளதளவென்று கொதித்ததுதான். வறுத்த இலைக்கு ஆறவிட்ட தண்ணீர் ஊற்றினால் டீ சப்பென்றுதான் வருகிறது. உருண்டை அவிழ நேரம் வேண்டும் என்பதால் முதல் ஊற்றுக்கு அரை நிமிடம், இரண்டாவதற்கு 20 விநாடி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன்.

பித்தளைச்சொம்பு:
உருண்டை இலைக்குச் சரி, சாரல். நான் குடிப்பது சீனாவின் ஃபூஜியன் மாநில வூயி மலையில் விளையும், பாறை டீ என்கிற ஊலாங். அதில் தா ஹோங் பாவ், ரோகுயி, ஷுய்ஷியன் என்ற வகைகள் எல்லாம் நீளமாக முறுக்கிய இலை. அரை நிமிடம் விட்டால் கஷாயம்தான். கைவானில் முக்கால்வாசி இலை, முதல் ஊற்றை 10 விநாடிக்குள் வடித்துவிடுவேன். சாம்பல் மூடிய கரி நெருப்பின் மேல் மூங்கில் கூடையில், இடைவெளி விட்டுப் பல தடவை வறுக்கிற டீ அது. வசந்தத்தில் பறித்தது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் கடைக்கு வரும். அந்த வருடத்து டீ என்றால் நான் அவசரப்படுவதில்லை.

தென் சீனாவின் சாவ்சோ நகரில் ஒரு வீட்டில் குடித்தது இன்னும் நாக்கில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்பு மண் பானை, சுண்டைக்காய் அளவுக் கிண்ணங்கள் மூன்று. பானை நிறைய இலை, ஊற்றியதும் வடித்தல். ஒரு வாய்தான், ஆனால் வெறும் வயிற்றில் குடிக்காதீங்க.

சாரல்:
மூன்றே கிண்ணமா? நாங்கள் நாலு பேர் போனால் சண்டைதான்.

சீனாவின் யீஷிங் ஊர் மண்ணில் செய்த டீ பானை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விலையும் முத்திரையும் பார்த்து மயங்க வேண்டாம். கடையிலேயே கொதிநீர் ஊற்றி மோந்து பாருங்க; பெயின்ட் வாசம் அடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்க. வாங்கினால் அதில் வறுத்த டீ மட்டும் போடுங்க, மல்லிகை டீயை அந்தப் பக்கமே விடாதீங்க. ஆபீசுக்குப் பெரிய பீங்கான் கப் போதும், 300 மி.லி.க்கு 3 கிராம், நாலைந்து நிமிடம்.