கேன்சர் ட்ரீட்மென்ட் முடிஞ்சும் அம்மாவுக்கு நிம்மதி இல்ல, சுகர் பிரஷர் தைராய்டும் கூட இருக்கு, எப்படி சமாளிக்கிறீங்க?

தேனிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயசு. மார்பகத்துல கேன்சர், இடது பக்கம் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, போன ரிவ்யூலயும் நார்மல்னுதான் சொன்னாங்க. சுகர், பிரஷர், தைராய்டு மூணும் அதுக்கு முன்னாடியே உண்டு. இப்ப தினமும் லெட்ரோசோல் மாத்திரை, அஞ்சு வருஷம் போடணுமாம். காலைல எந்திரிச்சா விரல மடக்க முடியல, முட்டி புடிச்சுக்குது, பாதம் மரத்துப்போயி செருப்பு கழண்டு விழுந்தது கூடத் தெரியாம நடந்து வர்றாங்க, சாயங்காலம் ஆனா இடது கை வீங்குது, ராத்திரி குப்புன்னு சூடேறி வேர்த்துக்கொட்டி தூக்கமே இல்ல. கேன்சர் டாக்டர் கால் மரத்துப்போறது சுகராலங்கிறார், சுகர் டாக்டர் கீமோவாலங்கிறார். சொந்தக்காரங்க வந்தா "அதான் பொழச்சுட்டியே, இன்னும் என்ன"ன்னு கேட்டுட்டுப் போறாங்க, அதுலருந்து அம்மா வலின்னு வாயே திறக்கறதில்ல. நேத்து "இந்த மாத்திரைய நிறுத்திடறேன்டி, இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போறேன்"ங்கிறாங்க. இத தாண்டி வந்தவங்க யாராவது சொல்லுங்க.

ஈரோட்டுக்காரி:
கண்ணு, உங்கம்மா சொல்ற ஒவ்வொண்ணும் நானும் பட்டதுதான், எனக்கும் இதே மாத்திரை, கூட சுகரும் பிரஷரும். முதல்ல ஒண்ணு, மாத்திரைய தானா நிறுத்த விடாத. அந்தக் கேன்சர் திரும்பி வராம பாத்துக்கிறதே அதுதான். ஆனா வலியப் பொறுத்துக்கிட்டே இருக்கணும்னும் இல்ல, அத டாக்டர்கிட்ட நேரா சொல்லோணும், "இந்த வலி இருந்தா என்னால அஞ்சு வருஷம் போட முடியாது"ன்னு. அப்படிச் சொன்னாத்தான் அவங்களுக்கு விஷயம் புரியுது. சும்மா "கொஞ்சம் வலிக்குதுங்க"ன்னா பாராசிட்டமால் எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க. எனக்கு கொஞ்ச நாள் நிறுத்திப் பாத்துட்டு அதே வகையில வேற மாத்திரை மாத்திக் குடுத்தாங்க, அனஸ்ட்ரோசோல், அது எனக்கு ஒத்துக்கிச்சு. எல்லாருக்கும் அப்படியே ஆகும்னு சொல்ல மாட்டேன். நடக்கறது நிஜமாவே உதவுச்சு, வலிக்குதுன்னு உக்காந்தா இன்னும் புடிச்சுக்குது. எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுத்தீங்களான்னு கேளு, இந்த மாத்திரை எலும்பத் தேய்க்கும், கால் வேற மரத்துப்போயிருக்கு, விழுந்தா இடுப்பு எலும்பு போயிரும். இன்னொண்ணு, பிறப்புறுப்பு வறட்சி, ஒண்ணுக்குப் போனா எரிச்சல் இதெல்லாம் இந்த மாத்திரையால வரும், பொம்பளைங்க வெக்கப்பட்டு சொல்றதே இல்ல, நீயே பக்கத்துல உக்காந்து கேளு.

வார்டு_நர்ஸ்:
சிஸ்டர், கால் மரத்துப்போறதுக்கு ரெண்டு டாக்டர் சொல்றதும் சரியா இருக்கலாம். பேக்ளிடாக்செல் மாதிரி கீமோ மருந்து நரம்பப் பாதிக்கும், சுகர் இருக்கவங்களுக்கு அந்தப் பாதிப்பு இன்னும் அதிகமா இருக்கலாம். ஆனா மூணாவதா ஒண்ண நிறைய பேர் விட்டுடறாங்க. அம்மா பல வருஷமா மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை போடுறாங்கன்னா வைட்டமின் பி12 குறைஞ்சிருக்கலாம், அதுவும் இதே மாதிரி மரத்துப்போக வைக்கும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும், குறைவுன்னா சரிபண்ணவும் முடியும். எந்தக் காரணமா இருந்தாலும் பாதத்துக்குச் செய்யுறது ஒண்ணுதான், ராத்திரி படுக்கும்போது அடிப்பாதத்த வெளிச்சத்துல பாருங்க, பின்னாடி வார் வச்ச எம்.சி.ஆர் செருப்பு (மெத்துன்னு இருக்குற ரப்பர் செருப்பு) வாங்குங்க, வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், சுட்டாலும் அவங்களுக்குத் தெரியாது.

தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, கால்சியம் மாத்திரை அதுக்கு நாலு மணிநேரம் கழிச்சு. ரெண்டையும் ஒண்ணா முழுங்கிட்டு தைராய்டு கன்ட்ரோல் ஆகலன்னு டோஸ் ஏத்துனவங்கள நான் பாத்திருக்கேன். வீங்குற கையில பிரஷர் பாக்கவோ ஊசி போடவோ விடாதீங்க, பிசியோகிட்ட காட்டி, வீக்கத்த அமுக்கிப் பிடிக்கிற ஸ்லீவ்னு ஒரு கை உறை இருக்கு, அதுக்கு அளவெடுங்க. கை சிவந்து சூடா இருந்து காய்ச்சலும் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், சுகர் இருக்கவங்களுக்கு அந்த இன்ஃபெக்ஷன் வேகமாப் பரவும்.

அப்புறம் எல்லா டாக்டர் மாத்திரையையும் ஒரே தாள்ல எழுதி, எந்த நேரம், எதுக்கு, யார் குடுத்ததுன்னு போட்டு எல்லா ஓ.பி.க்கும் அதையே நீட்டுங்க. லேகியம், கஷாயம் எதாவது எடுத்தா அதையும் எழுதுங்க.

நாஞ்சிலான்:
எங்க அப்பாக்கு வாய்ல கேன்சர், ரேடியேஷனுக்கு அப்புறம் எச்சிலே ஊறாது, கூட சுகர். சுகருக்குன்னு குடுத்த டயட் சார்ட்ல சப்பாத்தி, சுண்டல், பச்சைக் காய், ஒண்ணு கூட அவரால மெல்ல முடியாது, கஞ்சி குடிச்சா சுகர் ஏறும், குடிக்கலன்னா இன்சுலின் போட்டதுக்கு சுகர் இறங்கி மயக்கம் வரும். ஒரு நோய்க்குச் சொல்றது இன்னொரு நோய்க்கு ஆகாது, இத யாரும் சேத்து யோசிக்கல. கடைசில ஒரு ஜெனரல் மெடிசின் டாக்டர்தான் எல்லாத்தையும் பாத்துட்டு இவருக்கு சுகர் ரொம்ப டைட்டா இருக்கணும்னு அவசியமில்ல, சாப்பிடறதுதான் முக்கியம்னு சொல்லி இன்சுலினக் கொறச்சாரு. இப்ப முட்டை, மீன் குழம்புல பிசைஞ்ச சாதம்னு சாப்பிட்டு வெயிட் ஏறியிருக்கு. உங்க அம்மாவுக்கும் முழுசாப் பாக்குற ஒரு டாக்டர் வேணும், எந்தப் பிரிவுன்னாலும் சரி.

பேலியேட்டிவ் கேர்னு நோயோட அவஸ்தையக் குறைக்கிற சிகிச்சை ஒண்ணு இருக்கு, அதுன்னா கடைசி கட்டம்னு பயப்பட வேண்டாம், வலி, தூக்கமின்மை, மனசு பாரம் இதுக்கெல்லாம் ட்ரீட்மென்ட் முடிஞ்சவங்களும் போகலாம். 2021ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, பிசியோவும் உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, அலைச்சலாவது குறையும்.

தேனிப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரி பக்கத்துல உக்காந்து கேட்டேன், எரிச்சல் ஆறு மாசமா இருக்காம், எங்கிட்டயே சொல்லல. மெட்ஃபார்மின் பத்து வருஷத்துக்கு மேல போடுறாங்க, பி12 டெஸ்ட் எடுத்ததே இல்ல, நாளைக்கு எடுக்கச் சொல்லியிருக்கேன். ரிவ்யூ வரைக்கும் மாத்திரைய நிறுத்த மாட்டேன்னு ஒத்துக்கிட்டாங்க. தேனி, மதுரைப் பக்கம் கை வீக்கத்துக்கு நல்லா பாக்குற பிசியோ யாராவது தெரிஞ்சா சொல்லுங்க.