இறகு விங் ஃபிளை (மீன் பிடிக்க ஹூக்குல இறகும் நூலும் வச்சுக் கட்டுற செயற்கைப் பூச்சி) கையால கட்டுறதுல மனசை விட்டுப் போகாத ஒரு நொடி, சொல்லுங்க

நூல்கண்டு:
வைஸ், அதான் ஹூக்கைப் பிடிச்சுக்கற இடுக்கி, அது இல்லாம கையிலயே வச்சுக் கட்டுறதை நேர்ல பார்த்துட்டேன், அதுலேர்ந்து வேற நினைப்பே இல்ல. பெரியவர் ஒருத்தர் ஜாக் ஸ்காட்ங்கற சால்மன் ஃபிளையைக் கட்டிட்டு இருந்தார், பாடி, ஹாக்கிள் (சுத்திக் கட்டுற இறகு) எல்லாம் முடிஞ்சு விங் மட்டும் பாக்கி. இடது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஹூக்கையும் விங்கையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு, நூலை விரலிடுக்குல மேல ஏத்தி தளர்வா ஒரு லூப், அந்தப் பக்கமா இறக்கி நேரா கீழ ஒரு இழுப்பு. விரலை எடுத்தா விங் நிமிர்ந்து நிக்குது, ஒரு இழை சாயல. ஆனா என்னைப் பிடிச்சு ஆட்டுறது அது இல்ல. அதுக்கு முன்னாடி மஞ்சள், சிவப்பு, நீலம்னு வேற வேற இறகுக் கீத்துகளை மேரி பண்ணும்போது, அதாவது ஓரத்தோட ஓரம் சேர்த்து ஒரே இறகு மாதிரி ஆக்கும்போது, நடுவுல பிரிஞ்சுடுச்சு. அவர் பதறவே இல்ல, அடியிலேர்ந்து நுனி வரைக்கும் விரலால ஒரு தடவு, ஜிப் போட்ட மாதிரி மூடிக்கிச்சு. இழையோரத்துல இருக்கற குட்டிக் கொக்கிங்கதான் மாட்டிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், கண்ணு முன்னாடி நடக்கும்போது அது வேற.

ஆத்தோரம்:
அழகுதான் நண்பா, மறுக்கல. ஆனா மீனுக்கு ஜாக் ஸ்காட்டும் தெரியாது மேரிட் விங்கும் தெரியாது. வாத்து இறகு விங் வச்ச ஒரு வெட் ஃபிளை (தண்ணிக்குள்ள மூழ்கிப் போற வகை), முதல் டிரவுட் மீன் பல்லுலயே விங் நாரு நாரா கிழிஞ்சுது. மாத்தலாம்னு கைல எடுத்துப் பார்த்தேன், இழை ஒவ்வொண்ணும் தனியா தண்ணி சொட்டிட்டு இருக்கு, சரி போகட்டும்னு அப்படியே வீசினேன், விழுந்த உடனே அடிச்சுது. அன்னிக்கு முழுக்க அந்தக் கிழிஞ்ச ஃபிளைதான். புதுசா இருந்தப்போ கூட அவ்ளோ ஓடல.

கோழியிறகு:
என்னோடது ஜங்கிள் காக், அதாவது சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் இறகு விஷயம். ஒருத்தர் டப்பாவைத் திறந்து முழுக் கழுத்துத் தோலையே எடுத்துக் காட்டினார், நுனில அந்த வெள்ளை மஞ்சள் புள்ளி, தொட்டா கெட்டியா வழுவழுன்னு. எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டேன், டப்பா மூடிடுச்சு. சாம்பல் காட்டுக்கோழி இந்தியால 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பறவை. சில வெளிநாடுகள்ல வளர்ப்புப் பறவை இறகு சட்டப்படி கிடைக்குது, இல்லாட்டி கன்னத்தை (விங் பக்கவாட்டுல வைக்கற அந்தப் புள்ளி இறகை) விட்டுட்டே கட்டலாம், ஃபிளை ஃபிளைதான். 2009-ல இங்கிலாந்து டிரிங் மியூசியத்துல 299 பறவைத் தோல் திருட்டுப் போச்சே, அதுவும் சால்மன் ஃபிளைக்கான இறகு ஆசைலதானே? கேள்வி கேக்காம வாங்கறதை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன்.

முடிச்சுமணி:
எனக்கு நடந்தது சின்னது, விங் கட்டி முடிச்சு தலைக்கு வார்னிஷ் வைக்கும்போது முழு விங்கும் அந்தப் பக்கம் சுத்திக்கிச்சு. அதனால சொல்றேன், கேக்கலைன்னாலும் கேட்டுக்கோங்க. மேரி பண்ற கீத்து எல்லாம் ஒரே பக்கத்து இறகா இருக்கணும், இடதுக்கு இடது, வலதுக்கு வலது, கலந்தா வளைவு எதிரெதிரா போய் ஒட்டவே ஒட்டாது. விங்குக்கு ரெண்டு பக்கமும் வேணும்ங்கறதால ஜோடி இறகா எடுத்து வைங்க. நூலுக்கு வேக்ஸ் நல்லாத் தேய்ங்க. விங் உக்காரற இடத்துல பாடி மேடு தட்டாம சமமா இருக்கணும், அங்க பள்ளம் இருந்தா எந்த விரலும் காப்பாத்தாது. லூப்பை இறுக்கும்போது விரலைத் தளர்த்தவே கூடாது, இன்னும் ரெண்டு சுத்து போட்டப்புறம்தான் எட்டிப் பார்க்கணும், எல்லாரும் அவசரப்படற இடம் இதுதான். நசுங்கின இறகைத் தூக்கிப் போடாதீங்க, கெட்டில் ஆவில காட்டினா நிமிர்ந்துரும். ஆத்தோரம் அண்ணா, உங்க விங் ஜோடி மாறியிருக்கும், அதான் அவ்ளோ சீக்கிரம் கிழிஞ்சிருக்கு.

ஆத்தோரம்:
ஜோடியெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, பல்லு பட்டா எந்த விங்கும் பிரியும், நான் சொன்னதே அதுதான். கோழியிறகு, அந்த டப்பாக்காரர் அப்புறம் ஏதாவது சொன்னாரா?

கோழியிறகு:
ஒண்ணும் சொல்லல. பேச்சை ஹூக் சைஸ் பக்கம் திருப்பிட்டார், நான் எந்திரிச்சு வந்துட்டேன்.