ஜூன் 13: அந்தோணியாரா, மாதாவா? வீட்டில் அன்றாட வாசகம் வாசிப்பதில் சில சந்தேகங்கள்

வெண்ணாற்றங்கரை கேட்டது:

எங்களுடையது துணைக் கோவில், அந்தோணியார் பெயரில் உள்ளது. சாமி (குருவானவர்) வந்து பூசை வைப்பது ஞாயிறு மட்டும். மற்ற நாள்களில் மாலை செபமாலை முடிந்ததும் அன்பியத்து (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் செபக் குழு) வீடுகளில் அன்றைய விவிலிய வாசகங்களை வாசிக்கிறோம்.

இந்த 2026 ஜூன் 13 சனிக்கிழமைக்கு நாள்காட்டியில் மாதாவின் மாசற்ற இதயம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அந்தோணியார் திருநாள் என்ன ஆகும்? ஒன்பது நாள் செபமான நவநாளை 4-ஆம் தேதி தொடங்குவதா, 5-ஆம் தேதியா என்பதிலும் இரண்டு பேச்சு நடக்கிறது. கைபேசிச் செயலியில் வரும் வசன எண் சில நாள் நம் கத்தோலிக்கத் திருவிவிலியத்தோடு ஒத்துப்போவதில்லை, வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது. புனிதர் நாள் வந்தால் வார நாள் வாசகத்தை விட்டுவிட வேண்டுமா என்பதும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உபதேசியார் தெரு பதில்:

ஐயா, முதலில் படிநிலையைப் பாருங்கள். நாள்காட்டியில் பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு என்று நான்கு படி உண்டு. அந்தோணியார் பொதுவாக நினைவுதான். மாதாவின் மாசற்ற இதயமும் நினைவுதான், ஆனால் அதற்கு நிலையான தேதி கிடையாது. பெந்தக்கோஸ்துக்குப் பின் வரும் இயேசுவின் திருஇருதயப் பெருவிழாவுக்கு மறுநாள் சனிக்கிழமை அது வரும். இந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5, அதனால் பெந்தக்கோஸ்து மே 24, திருஇருதயம் ஜூன் 12 வெள்ளி. மறுநாள் 13 என்பதால் இரண்டும் ஒரே நாளில் விழுந்துவிட்டன. இப்படி விழுந்தால் அந்த ஆண்டு மட்டும் இரண்டுமே விருப்ப நினைவாகிவிடும். இது 1998-இல் உரோமையிலிருந்து வந்த தெளிவுரை.

ஆனால் ஒரு கோவில் எந்தப் புனிதர் பெயரில் இருக்கிறதோ, அந்தக் கோவிலுக்கு மட்டும் அவர் நாள் பெருவிழா. எனவே உங்கள் ஊரில் ஜூன் 13 அந்தோணியாருக்கே. பூசையில் வானவர் கீதம், நம்பிக்கை அறிக்கை எல்லாம் உண்டு, வாசகமும் இரண்டுக்குப் பதில் மூன்று. அந்தோணியாருக்கு வழக்கமாக எடுப்பது எசாயா 61: 1-3, நற்செய்தி லூக்கா 10: 1-9. இரண்டாம் வாசகத்தைச் சாமியிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். கொடியேற்றத்தன்று கேட்டால் வாசிப்பவருக்குப் பயிற்சி எடுக்க நாள் இருக்காது.

நவநாளுக்குக் கணக்கு எளிது. திருநாள் தேதியில் 9 கழித்தால் தொடங்கும் நாள் வரும். 13-இல் 9 போனால் 4. ஜூன் 4 முதல் 12 வரை ஒன்பது நாள், 13 திருநாள். 5-இல் தொடங்குபவர்கள் திருநாளையும் சேர்த்து எண்ணுகிறார்கள். வேளாங்கண்ணிக்கும் இப்படித்தான்: ஆகஸ்ட் 29 மாலை கொடி ஏறுகிறது, 30 முதல் செப்டம்பர் 7 வரை நவநாள், 8 திருநாள்.

வாசகமேடை பதில்:

எண் பொருந்தாததற்கு நான் சொல்கிறேன். பெரும்பாலும் அது ஆங்கிலச் செயலியாக இருக்கும். சில நூல்களில் அதிகாரம் பிரியும் இடமே பதிப்புக்குப் பதிப்பு மாறும். செப்டம்பர் 8 முதல் வாசகம் நம் திருவிவிலியத்தில் மீக்கா 5: 2-5. அமெரிக்கச் செயலியில் அதுவே 5: 1-4 என்று வரும். அந்த எண்ணை அப்படியே நம் புத்தகத்தில் திறந்தால் ‘எப்ராத்தா எனப்படும் பெத்லகேமே’ என்ற இடத்துக்கு முந்தைய வசனத்தில் தொடங்கிவிடுவீர்கள். மலாக்கியிலும் எசாயா 9-லும் இதே தொல்லைதான். தமிழ் வாசக நூலின் எண்ணையே நம்புங்கள். வீட்டில் இருப்பது பரிசுத்த வேதாகமம் (புரொட்டஸ்தாந்தர் பயன்படுத்தும் பதிப்பு) என்றால் சீராக், தோபித்து, மக்கபேயர் வாசகம் வரும் நாளில் தேடினாலும் கிடைக்காது.

செயலியில் நாடு எது என்றும் பாருங்கள். திருக்காட்சி, ஆண்டவரின் விண்ணேற்றம், நற்கருணைப் பெருவிழா மூன்றையும் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுகிறோம். நாட்டை மாற்றாவிட்டால் நற்கருணைப் பெருவிழா ஜூன் 4 வியாழன் என்று காட்டும். நமக்கு அது ஜூன் 7 ஞாயிறு.

இன்னொன்று, இந்த ஆண்டு பலரும் சறுக்கும் இடம். 2026-இல் ஞாயிறு வாசகம் முதலாம் ஆண்டு, வார நாள் வாசகம் இரண்டாம் ஆண்டு. ஞாயிறுக்கு மூன்று ஆண்டுச் சுற்று, வார நாளுக்கு இரண்டு ஆண்டுச் சுற்று (இரட்டைப்படை ஆண்டு என்றால் இரண்டாம் ஆண்டு). பொதுக்கால (தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத) வார நாளில் நற்செய்தி இரண்டு ஆண்டுக்கும் ஒன்றே, முதல் வாசகமும் அதற்குப் பின் சொல்லும் பதிலுரைப் பாடலும்தான் மாறும். அதனால் நற்செய்தி சரியாக இருக்கிறதே என்று முதல் வாசகத்தைச் சரிபார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

வார எண்ணிலும் கவனம் வேண்டும். தவக்காலத்துக்கு முன் பொதுக்காலம் 6-ஆம் வாரத்தில் நின்றது. பெந்தக்கோஸ்துக்கு மறுநாள் மே 25 தொடங்குவது 8-ஆம் வாரம். 7 இந்த ஆண்டு இல்லை. கிறிஸ்து அரசர் ஞாயிறு 34-ஆம் வாரமாக அமைய வேண்டும் என்பதால் பின்னாலிருந்து எண்ணி வருகிறார்கள்.

அன்பியம் அக்கா பதில்:

புனிதர் நாளில் வார நாளின் தொடர் வாசகத்தை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெறும் நினைவு நாளில் பூசையிலும் பெரும்பாலும் வார நாள் வாசகமே எடுக்க வேண்டும். பர்னபா, மாசற்ற இதயம் போலத் தனி வாசகம் உள்ள சில நினைவுகளுக்கு மட்டும் மாறும்.

இந்த ஜூன் வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 8-ஆம் தேதி திங்கள் எலியா தொடங்குகிறார் (1 அரசர்கள் 17: 1-6). அங்கே நாட்டில் வறட்சி. செவ்வாய் சாரிபாத்துக் கைம்பெண்ணின் மாவும் எண்ணெயும், புதன் கர்மேல் மலையில் நெருப்பு. வியாழன் வரவேண்டியது 18: 41-46, கடலிலிருந்து கையளவு மேகம் எழும்பி மழை கொட்டும் இடம். ஆனால் ஜூன் 11 புனித பர்னபா நினைவு. முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் 11: 21-26, 13: 1-3 என்று மாறிவிடும். வெள்ளி திருஇருதயம், சனி உங்கள் அந்தோணியார். அடுத்த திங்கள் திறந்தால் நாபோத்தின் திராட்சைத் தோட்டம் (1 அர 21: 1-16). வறட்சியைக் கேட்டவர்களுக்கு மழை வந்த செய்தியே போய்ச் சேராது. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ எதிர்பார்த்து நாற்றங்காலோடு இருக்கும் ஊரில் இந்தப் பகுதி விட்டுப்போகலாமா?

விட்டுப்போனவை 1 அர 18: 41-46, 19: 9, 11-16, 19: 19-21. மொத்தம் 16 வசனம். 14-ஆம் தேதி ஞாயிறு மாலை ஒரே அமர்வில் வாசித்துவிடலாம், ஐந்து நிமிடம் போதும்.

வாசிக்கும் முறையில் இரண்டு சொல்கிறேன். பதிலுரைப் பாடலுக்குத் திருப்பாடல் முழுவதையும் வாசிக்காதீர்கள், கொடுத்த வசனங்கள் மட்டும். ஒருவர் பல்லவி சொல்லி எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு ஒவ்வொரு பத்திக்கும் பல்லவி. புனிதர் வரலாற்றை நற்செய்திக்குப் பிறகு நாலைந்து வரியில் சொல்லுங்கள். முன்னால் சொன்னால் அது நீண்டு, வாசகத்தை அவசரமாக ஓட்டும்படி ஆகிவிடுகிறது.

வெண்ணாற்றங்கரை:

மூவருக்கும் நன்றி. நவநாளின் ஒன்பதாம் நாள் திருஇருதயப் பெருவிழா அன்று வருகிறதே, அன்று எந்த வாசகம்?

உபதேசியார் தெரு:

அன்று பெருவிழா வாசகமேதான்: இணைச்சட்டம் 7: 6-11, திருப்பாடல் 103, 1 யோவான் 4: 7-16, மத்தேயு 11: 25-30. நவநாள் செபத்தைப் பூசை முடிந்த பிறகு சொல்லுங்கள். வீட்டிலானால் மன்றாட்டுக்குப் பின். தஞ்சாவூர்ப் பேராலயமும் திருஇருதயத்தின் பெயரில் இருப்பதால் அன்று சாமிமார் அங்கே போகக்கூடும். உங்கள் நவநாள் பூசைக்கு யார் வருகிறார் என்று மே மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.